பெட்டியில் இடமில்லை

எலியேசருக்குச் சத்திரப்பட்டியில் தறி வேலை. ஆஸ்பத்திரியில் காயத்துக்குச் சுற்றுகிற பேண்டேஜ் துணி நெய்யும் கூடம். ஒரே தகரக் கூரைக்குள் பதினாறு விசைத்தறிகள் ஓடும். உள்ளே நுழைந்துவிட்டால் வாய்க்கு வேலை கிடையாது. நூல் அறுந்தால் கைஜாடை, டீ வந்தால் கைஜாடை, முதலாளி வந்தால் புருவத்தைத் தூக்குவது. பதினேழு வயசில் அதற்குள் போனவனுக்கு இப்போது முப்பத்தாறு. வீட்டுக்கு வந்தாலும் அவன் குரல் தறிக்கு மேலேயே நிற்கும். சோழபுரத்தில் அவன் தெருக்காரர்கள், இவன் சோறு கேட்கிறானா சண்டை போடுகிறானா என்று தொடக்கத்தில் எட்டிப் பார்த்தார்கள். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார்கள்.

அவன் மனைவி சந்தனமேரி அதற்கு நேர் எதிர். பக்கத்தில் உட்கார்ந்தால்தான் அவள் பேசுவது காதில் விழும். தளவாய்புரத்துக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே நைட்டி தைத்துக் கொடுத்தாள். வெட்டிய துணி மூட்டையாக வந்து இறங்கும். கை தனி, கழுத்துப்பட்டி தனி, பை தனி. விடியலில் மோட்டார் மிஷினில் உட்கார்ந்தால் உலை வைக்கவும் தண்ணீர் பிடிக்கவும்தான் எழுந்திருப்பாள்.

ஒரே பிள்ளை, அக்சா. வயது நாலு. அவளுக்கு ஒன்றரை வயதிருக்கும்போது, ஒரு நாள் மேரியின் கையிலிருந்து இட்லிக் கொப்பரை நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. தெருவில் போனவர்கள்கூட நின்றார்கள். இரண்டடி தள்ளி, சுவரைப் பார்த்துக்கொண்டு விளையாடிய பிள்ளை திரும்பவில்லை. மேரி கொப்பரையை எடுத்து, வேண்டுமென்றே இன்னொரு தடவை போட்டாள். அப்போதும் திரும்பவில்லை.

அழுது ஓய்ந்த பிறகு மேரி பிள்ளையோடு கையால் பேசத் தொடங்கினாள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பெருவிரலை உதட்டில் வைத்தால் தண்ணீர். இரண்டு முஷ்டியையும் முன்னும் பின்னும் தள்ளினால் அப்பா, அதாவது தறி. கன்னத்தில் கையை வைத்துச் சாய்ந்து, கண்ணை விழித்து நிமிர்ந்தால் நாளைக்கு. இரண்டு வருஷத்தில் அந்த வீட்டுக்குள் ஒரு முழுப் பாஷையே உண்டாகிவிட்டது. தாயும் மகளும் அதில் புறணி பேசிச் சிரித்துக்கொள்வதை எலியேசர் வாசல்படியில் நின்று பார்ப்பான். பாதி புரியும், பாதி புரியாது.

ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்று நின்றது எலியேசர்தான். காப்பீட்டுத் திட்டத்தில் மதுரையில் செய்து தந்தார்கள். காதுக்குப் பின்னால் எலும்பைக் குடைந்து உள்ளே ஒரு கருவி வைப்பார்கள். வெளியே காது மடலில் ஒரு மிஷின் மாட்டி, அதிலிருந்து வரும் வட்டத் தட்டைத் தலையில் ஒட்டவிட்டால் காந்தம் பிடித்துக்கொள்ளும். நல்லாயிருக்கிற மண்டையை எதற்கு அறுக்க வேண்டும் என்று மேரி கேட்டாள். இவன், நாளைக்கு நாம் இல்லாத காலத்தில் யார் இவள் கையைப் பார்த்துப் பேசுவார்கள் என்றான். மேரி தாளைக் கையில் வாங்கினாள். கையெழுத்துப் போட்டாள்.

அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு நாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் பேச்சுப் பயிற்சி. சோழபுரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் ராஜபாளையம் வந்து, அங்கே மாறி வில்லிபுத்தூர் போவார்கள். பயிற்சி கொடுத்த வெங்கடேஸ்வரிக்கு முப்பது வயதுகூட இருக்காது. வீட்டில் தெலுங்கு பேசுகிற பெண். தமிழை ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திப் பேசுவாள். முதல் நாளே மேரியிடம் ஒன்றைக் கறாராகச் சொன்னாள். ஒரு வருஷத்துக்குக் கைஜாடை கூடாது, வாயால்தான் எல்லாம். செய்கிற ஒவ்வொரு வேலையையும் பிள்ளையிடம் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். ஒன்றைக் கேட்டால், அது பதில் சொல்வதற்கு இடம் விட்டுக் காத்திருக்க வேண்டும். பதில் வராவிட்டாலும் காத்திருக்க வேண்டும்.

மேரி தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்காரப் பழகினாள். பிள்ளை கையை நீட்டி நீட்டி என்னவோ கேட்கும். இவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அக்சாவுக்கு அம்மா ஏன் திடீரென்று ஊமையானாள் என்று விளங்கவில்லை. தலையிலிருந்த தட்டைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தாள்.

எலியேசருக்குத் தன் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றிருந்தது. வீட்டைச் சுற்றியுள்ள சத்தங்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, படத்தைக் காட்டிச் சத்தத்தைக் கேட்க வையுங்கள் என்று வெங்கடேஸ்வரி சொல்லியிருந்தாள். அவன் போன் அவனோடு வேலைக்குப் போய்விடும். மேரியிடம் இருந்தது பட்டன் போன். ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கும் கௌதம்ராஜிடம் போய்க் கேட்டான். அவன் டப்பாவைத் துழாவி, உள்ளங்கை அளவில் ஒரு பாட்டுப் பிளேயரை எடுத்தான். வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்து, பழுது பார்க்கக் கொடுத்து, திரும்ப வாங்காமலே போனது. கண்ணாடியில் ஒரு மூலை விரிசல்.

அது ஜெயில்பிரேக் பண்ணியது என்று கௌதம்ராஜ் சொன்னான். எலியேசருக்கு அந்தப் பேரைக் கேட்டதும் திக்கென்றது. கௌதம்ராஜ் சிரித்து, கம்பெனி போட்ட பூட்டை உடைத்துத் தனக்கு வேண்டியதை உள்ளே ஏற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான் என்று விளக்கினான். அதனால்தான் கண்ட ரெக்கார்டரும் அதில் ஓடும். ஒரே குறை, இடம் கம்மி. பிள்ளைக்குத்தானே, வேலை முடிந்ததும் கொண்டுவந்து கொடுங்கள் என்று சார்ஜரையும் சேர்த்துக் கொடுத்தான்.

அன்றிலிருந்து எலியேசர் சத்தம் பிடிக்கக் கிளம்பினான். உலை கொதிப்பது, தாளிக்கும்போது கடுகு வெடிப்பது, பக்கத்து வீட்டு மாரியாத்தாளின் ஆடு, கோவில் மணி, பால்காரர் ஹாரன், புளியமரத்தில் மேல்காற்று இறங்குவது. தறிக்கூடத்துக்கும் கொண்டுபோய் ஒரு நிமிஷம் பிடித்துவந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றை ஒவ்வொன்றாகப் போட்டு, படத்தைக் காட்டி, பிள்ளையின் முகத்தையே பார்ப்பான். பிள்ளை அவன் சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டிருக்கும்.

வாங்கிவந்த மூன்றாம் மாதத்தில் அந்தப் பிளேயர் பெட்டி எச்சரிக்கை காட்டத் தொடங்கியது. திரையின் நடுவில் ஒரு வெள்ளைக் கட்டம் வரும்: ஸ்டோரேஜ் நிறையப் போகிறது. எலியேசர் முதலில் பழைய ஆள் ஏற்றி வைத்திருந்த பாட்டுகளை அழித்தான். பிறகு யாருடையதோ கல்யாணப் போட்டோக்கள். ஒரு வாரம் பொறுத்து மறுபடியும் கட்டம் வந்தது. அதற்குமேல் அழிப்பதென்றால் சத்தங்களைத்தான் அழிக்க வேண்டும். பிள்ளை எதைத் தெரிந்துகொண்டதோ அதை அழிக்கலாம் என்று நினைத்தான். காது மிஷின் மாட்டிய இத்தனை மாதத்தில் பிள்ளை எதையும் தெரிந்துகொண்டதாக அவனுக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றாக அழித்தான். ஆடு போயிற்று. கடுகு போயிற்று. அக்சாவுக்கு அந்த வெள்ளைக் கட்டம் மட்டும் பிடித்துப்போயிற்று. அது வந்த உடனே ஓடிவந்து விரலால் அமுக்கி அதைப் போகவைப்பாள்.

மே மாதக் கடைசியில் ஒரு நாள், எலியேசர் வேலை முடிந்து வந்தான். மேரி சப்பட்டை மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். பிள்ளை பக்கத்தில் இருந்தது. அம்மாவின் உதடு அசைவதும் நிற்பதுமாக இருந்ததை இவன் கவனிக்கவில்லை. அவனுக்குக் கேட்டதெல்லாம் மின்விசிறிச் சத்தம்தான். மாதக்கணக்கில் அடக்கி வைத்திருந்ததை அன்றைக்குச் சொல்லிவிட்டான்.

"நீ பிள்ளைட்ட பேசுறதே இல்ல. உனக்கு ஆபரேசன்லயே இஷ்டமில்ல, அதான் வாயைத் திறக்க மாட்டேங்குற. பேசுனாத்தானே அது பேசும்."

மேரி கத்தியைக் கீழே வைத்தாள். அழவில்லை. நறுக்கியதைத் தட்டில் போட்டுப் பிள்ளை முன்னால் நகர்த்திவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் அவள் ஒரு விண்ணப்பப் படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். திருநெல்வேலிப் பக்கம் காது கேளாத பிள்ளைகளுக்கான ஒரு பள்ளிக்கூடம். அங்கேயே ஹாஸ்டலும் உண்டு. கையாலேயே பாடம் நடத்துகிறார்கள். திங்கட்கிழமை போய்ச் சேர்க்க வேண்டும்.

"அங்க போனா அவட்ட பேசுறதுக்கு ஆளாவது இருப்பாக. இங்க நானும் இல்லாமப் போயிட்டேன்" என்றாள்.

நாலு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு எப்படி இருப்பாய் என்று அவன் கேட்டான். இப்போது மட்டும் எப்படி இருக்கிறேனாம் என்று அவள் கேட்டாள்.  எலியேசர் படிவத்தில் கையெழுத்துப் போட்டான். போன தடவை அவள் போட்டாள், இந்தத் தடவை நான் என்று நினைத்துக்கொண்டான்.

பெட்டி இதற்கிடையில் முழுக்க நின்றுபோயிருந்தது. வியாழக்கிழமை சாயங்காலத்திலிருந்து அதில் வெள்ளைக் கட்டத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை. ஒரு நொடிகூடப் புதிதாகப் பிடிக்க இடமில்லை என்றது. பிள்ளையே ஹாஸ்டலுக்குப் போகப்போகிறது, இனி இது எதற்கு என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆராதனை முடிந்த கையோடு, எலியேசர் அதை எடுத்துக்கொண்டு ராஜபாளையம் போனான்.

ஞாயிற்றுக்கிழமை பஜாரில் கூட்டமில்லை. மலையிலிருந்து வந்த காற்று கடைப் படுதாக்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. கௌதம்ராஜ் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தான். பெட்டியை வாங்கிப் பார்த்து, மொத்தமாக அழித்துச் சுத்தம் பண்ணி வைக்கிறேன் என்று கம்ப்யூட்டரில் மாட்டினான். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தவன், கையை எடுத்துவிட்டான்.

"அண்ணே, அழிக்கட்டுமா? ஒரே ஃபைல் ஒம்பது மணி நேரம் ஓடியிருக்கு. அதான் எடத்தை அடைச்சிருக்கு."

எலியேசர் தான் எதையும் ஒரு நிமிஷத்துக்கு மேல் பிடித்ததில்லை என்றான். வியாழன் காலை ஏழரைக்குத் தொடங்கியிருந்தது. அந்த நேரத்தில் அவன் தறியில் நின்றிருப்பான். கௌதம்ராஜ் யோசித்துச் சொன்னான். வீட்டில் யாராவது ரெக்கார்டரைப் போட்டுவிட்டுச் சார்ஜில் வைத்திருப்பார்கள். திரை அணைந்ததும் நின்றுவிட்டது என்று நினைத்திருப்பார்கள். பூட்டு உடைத்த பெட்டி, இந்த ரெக்கார்டருக்குக் கட்டுப்பாடே கிடையாது, இடம் தீரும்வரை ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. தையல் மிஷின் சத்தத்தைத் தானே பிடித்துப் போடுவதாக மேரி ஒருமுறை சொன்னது எலியேசருக்கு ஞாபகம் வந்தது. சரி, என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று, கடையில் கிடந்த பெரிய ஹெட்போனைத் தலையில் மாட்டிக்கொண்டான். கௌதம்ராஜ் சத்தத்தை முழுக்க ஏற்றினான்.

முதலில் மிஷின். அப்புறம் மிஷின் நின்றது. ஒரு பெண் குரல் பேசியது.

"இது வெங்காயம். உரிச்சா கண்ணு எரியும். பாரு, அம்மாவுக்குக் கண்ணுல தண்ணி வருது. உனக்கு எரியுதா?"

அப்புறம் ஒன்றுமில்லை. இரண்டு மூச்சு விடுகிற நேரம். பிறகு அதே குரல், "எரியுது. ஆமா, எரியுது" என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டது.

அது யாருடைய குரல் என்று எலியேசருக்கு உடனே பிடிபடவில்லை. கல்யாணமான புதிதில் அந்தக் குரலைக் கேட்டிருக்கிறான். எப்போதிலிருந்து கேட்காமல் போனான் என்று நினைத்துப் பார்த்தால் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள் என்றுதான் இத்தனை வருஷமும் எண்ணியிருந்தான்.

ஒரு மணி நேரம் தள்ளி வைக்கச் சொன்னான். அங்கேயும் அவள் பேசிக்கொண்டிருந்தாள். "இது நைட்டிக்குக் கை. இது வலது, இது இடது. நீலம். பொத்தான் எங்க? இந்தா பொத்தான்." இன்னும் இரண்டு மணி நேரம் தள்ளினான். "அரிசி களையுறேன். கலங்கலாப் போகுதா? இன்னொரு தண்ணி ஊத்தணும். சலசலன்னு கேக்குதா? இங்க பாரு, இது என்ன சத்தம்? ஆடு. மாரியாத்தா வீட்டு ஆடு. ஆடு கத்துது." எங்கே கொண்டுபோய் வைத்தாலும் அவள் குரல் இருந்தது. நடுநடுவே தொண்டை கம்மியது. ஒரு முறை இருமல் வந்தது. தண்ணீர் குடித்த சத்தம் கேட்டது. "அம்மா தண்ணி குடிச்சேன்" என்று அதையும் சொன்னாள். ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் அதே இரண்டு மூச்சு நேரம் காத்திருந்தாள். ஒரு தடவைகூட அவசரப்படவில்லை. ஒரு தடவைகூட பதில் வரவில்லை.

பக்கத்து ஊர்த் திருவிழாவில் விடிய விடிய ஆடுகிறவர்களை எலியேசர் பார்த்திருக்கிறான். இரண்டு ஷிஃப்டு சேர்த்துத் தறி ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறான். அவனுமே ஓட்டியிருக்கிறான். இப்படி ஒரு வேலையை அவன் பார்த்ததில்லை. இது ஒரு வியாழக்கிழமை. இந்த மாதிரி எட்டு மாதம். அவன் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தான். கௌதம்ராஜ் ஸ்டூலை நகர்த்திப் போட்டான்.

கொஞ்ச நேரம் கழித்து எலியேசர், இவள் எங்கேயாவது ஓய்ந்திருக்கிறாளா பார் என்று கேட்டான். கௌதம்ராஜ் ஒன்பது மணி நேரத்தையும் கோடுகோடாகத் திரையில் விரித்துக் காட்டினான். பேச்சு இருக்கும் இடமெல்லாம் முள் முள்ளாக நின்றது. மதியத்துக்கு மேல் ஓரிடத்தில் மட்டும் கோடு படுத்திருந்தது. எலியேசர் அதன்மேல் விரலை வைத்தான்.

"அம்மா தண்ணி பிடிச்சிட்டு வாரேன். செத்த நேரம் இங்கயே இரு" என்றது மேரியின் குரல். குடம் இடித்தது. கதவு திறந்து மூடியது. வெளியே எங்கோ ஒரு டிராக்டர் போயிற்று. மின்விசிறி மட்டும் ஓடியது.

பிறகு ஒரு சின்னக் குரல்.

"இ... ங்ஙா... பா... ஊ. இ... ன்... அ... த்தா?"

எலியேசர் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டான். வார்த்தை ஒன்றும் முழுசாக இல்லை. ஆனால் அந்த ஏற்ற இறக்கம் மேரியுடையது. இங்க பாரு, இது என்ன சத்தம். கடைசியில் கேள்விபோல மேலே எழும்பி நின்றது. அதன் பிறகு மௌனம். இரண்டு மூச்சு விடுகிற நேரம். யாரிடமோ, பொம்மையிடமோ தைத்துப் போட்டிருந்த நைட்டியிடமோ, பிள்ளை கேட்டுவிட்டுப் பதிலுக்கு இடம் விட்டுக் காத்திருந்தது. பதில் வராததால் மறுபடியும் பொறுமையாகக் கேட்டது. மறுபடியும் காத்திருந்தது.

குடம் வந்து இறங்கும்வரை ஏழு தடவை. கதவுச் சத்தம் கேட்டதும் அந்தக் குரல் நின்றுவிட்டது.

கௌதம்ராஜ் என்ன அண்ணே என்று கேட்டான். எலியேசர் ஹெட்போனைக் கழற்றி அவன் தலையில் மாட்டிவிட்டு, ஷட்டருக்கு வெளியே போய் நின்றான். மலைமேல் மேகம் ஏறிக்கொண்டிருந்தது. பஜாரில் ஒரு தள்ளுவண்டிக்காரர் சப்பட்டை, சப்பட்டை என்று கூவிக்கொண்டு போனார். உலகம் அதுபாட்டுக்கு இருந்தது. அவனுக்கு மட்டும் தரை புதிதாக இருந்தது.

கௌதம்ராஜ் அந்தப் பதிவை மூன்று இடத்தில் நகல் எடுத்தான், ஒன்று எலியேசரின் போனில். எதையும் அழிக்கவில்லை. பெட்டியோடு தன் ஹெட்போனையும் எலியேசரிடமே கொடுத்துவிட்டான்.

வீட்டில் மேரி தகரப் பெட்டியில் பிள்ளையின் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சட்டையின் கழுத்துப் பட்டியிலும் சிவப்பு நூலால் அக்சா என்று தைத்திருந்தாள். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. எலியேசர் ஹெட்போனை அவள் காதில் வைத்தான். அவள் கொஞ்சம் கேட்டுவிட்டு முகம் சுளித்தாள்.

"இது நான்தானா? எதுக்கு இதைப் பிடிச்சீக?"

தான் பிடிக்கவில்லை, அதுவாகவே ஓடியிருக்கிறது என்றான். செத்த நேரம் பொறு என்று கையைக் காட்டி, பதிவை அந்த இடத்துக்குத் தள்ளி வைத்தான். குடம் இடித்தது அவளுக்கும் கேட்டிருக்கும். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் புருவம் சுருங்கியது.

"யார் வீட்டுப் பிள்ளை இது?"

 பாயில் தூங்குகிற பிள்ளையைக் கையால் காட்டினான். மேரி திரும்பிப் பிள்ளையைப் பார்த்தாள். கையிலிருந்த சின்னச் சட்டை மடியில் விழுந்தது. மறுபடியும் போடச் சொன்னாள். அது முடிந்ததும் இன்னொரு தடவை. நாலாவது தடவையில்தான் அவளுக்கு அழுகை வந்தது. அந்த அழுகையில் சத்தமே இல்லை, உடம்பு மட்டும் குலுங்கியது.

"ஏட்டி, நீ பேசலைன்னு சொல்லிட்டேன்" என்றான் எலியேசர். "எனக்குத்தான் கேக்கல. காது போயிருக்கு எனக்கு. நான் அதை ஒத்துக்கிடல, உன் மேல போட்டுட்டேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் பக்கம் திரும்பி, வழக்கத்தைவிட உரக்கச் சொன்னாள்: "எனக்குத் தெரியும். நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்."

திங்கட்கிழமை அவர்கள் திருநெல்வேலிக்குப் போகவில்லை. எலியேசர் தறிக்கு இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டான். செவ்வாய்க்கிழமை மூன்று பேருமாக வில்லிபுத்தூர் போனார்கள். வெங்கடேஸ்வரி கதவைச் சாத்திவிட்டு அந்தப் பதிவைக் கேட்டாள்.  இதுபோல நிறையப் பிள்ளைகளைப் பார்த்தவள்தான். ஆனாலும் திரும்பப் போடுங்கள் என்று கேட்டாள். அப்புறம் நிதானமாக விளக்கினாள். இது வார்த்தை இல்லை. வார்த்தைக்கு முன்னால் வருகிற ராகம். அக்சாவுக்கு வயது நாலு, ஆனால் காதுக்கு வயது எட்டு மாதம். எட்டு மாதக் குழந்தை பேசுமா? பெரியவர்கள் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்பட்டுத் தனியாகப் பழகிப் பார்த்திருக்கிறாள். எப்போது வார்த்தை வரும் என்று தன்னால் சொல்ல முடியாது, ஆனால் வருகிற பாதையில்தான் பிள்ளை இருக்கிறாள்.

மேரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "டீச்சர், நான் வாயால பேசுறதை நிப்பாட்டல. இன்னும் எத்தனை வருசம்னாலும் பேசுவேன். ஆனா அவ கை எங்கிட்ட ஏதாச்சும் கேட்டா, இனிமே நான் மூஞ்சியத் திருப்ப மாட்டேன். என் கையும் பதில் சொல்லும்."

 பயிற்சியின் விதி வேறாகத்தான் இருந்தது. வெங்கடேஸ்வரியின் கண் ஒரு தரம் அந்தப் பெட்டியின் மேல் போய்வந்தது. முதலில் வாய், பின்னால் கை, அந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள் அக்கா என்றாள். மேரி தலையாட்டினாள். வகுப்பு முடிந்து வெளியே வந்ததும், வராந்தாவில் அக்சா கையை நீட்டி என்னவோ கேட்டது. மேரி குனிந்து, தண்ணியா, இந்தா தண்ணி என்று வாயால் சொல்லிவிட்டு, பெருவிரலை உதட்டில் வைத்துக் காட்டினாள். பிள்ளை அம்மாவின் கையை இரண்டு கையாலும் பிடித்து, கொஞ்ச நேரம் விடவே இல்லை.

திரும்பும்போது ராஜபாளையத்தில் சோழபுரம் டவுன் பஸ் வெயிலில் நின்றது. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார், இஞ்சின் ஓடவில்லை. எலியேசர் ஜன்னலோரம், மேரி நடுவில், அவள் மடியில் பிள்ளை. எட்டுப் பத்துப் பேர் ஏறியிருந்தார்கள். வெயிலுக்கு எல்லோரும் சோர்ந்து கிடந்தார்கள்.

திடீரென்று அக்சா நிமிர்ந்தாள். தலையைச் சாய்த்தாள். பிறகு அம்மாவின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, எல்லோருக்கும் முன்னால், வாயைத் திறந்து கேட்டாள்.

"இ... ன்... அ... த்தா?"

கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தாள்.

மேரி திரும்பி எலியேசரைப் பார்த்தாள். எதைக் கேட்கிறாள் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. மேரி வெளியே கூவிய பூக்காரியைக் காட்டினாள். பிள்ளை இல்லை என்று தலையாட்டியது. பின் சீட்டில் பாடிய போனைக் காட்டினாள். அதுவும் இல்லை. மேரி கண்ணை மூடிக்கொண்டாள். எட்டு மாதமாகப் பிள்ளைக்குச் சத்தங்களைக் காட்டியவள், இப்போது பிள்ளைக்குக் கேட்டது எது என்று தேடினாள். கொஞ்ச நேரத்தில் அவள் முகம் விரிந்தது.

இரண்டு சீட்டுக்கு முன்னால், புடவைத் தலைப்பால் மூடிய ஒரு அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மேரி எழுந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய், கொஞ்சம் திறந்து காட்டுங்கள் என்று கேட்டாள். அந்தப் பெண் தலைப்பை விலக்கினாள். உள்ளே பத்துப் பன்னிரண்டு கோழிக்குஞ்சுகள், பொரித்து இரண்டு நாள்கூட ஆகாதவை, ஒன்றன்மேல் ஒன்று நெருக்கிக்கொண்டு அலகைத் திறந்து திறந்து மூடின.

எலியேசரும் எழுந்து வந்தான். குஞ்சுகளின் அலகு அசைவதைப் பார்த்தான். காதைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். அட்டையில் காது உரசும் அளவுக்குக் குனிந்தான். அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அவன் நிமிர்ந்து மகளைப் பார்த்தான். அக்சா காது மிஷின் இருந்த பக்கத்தைப் பெட்டிக்குச் சாய்த்து, கண்ணைப் பெரிசாக விரித்து, அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எலியேசர் தன் குரலை இறக்கினான். எவ்வளவு இறக்க வேண்டும் என்று தெரியாமல், உதடு மட்டும் அசைகிற அளவுக்கு இறக்கிவிட்டான்.

"அப்பாவுக்குக் கேக்கல தாயி. நீ கேட்டுச் சொல்லு."

டிரைவர் ஏறி இஞ்சினை முடுக்கும்வரை அவன் மகளின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.